கர்ப்பத்தடை மருந்து கேட்டால் டாக்டர் மறுக்கலாமா?



இந்த முறை கொஞ்சம் கூச்சமான விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். கூச்சமாக இருக்கிறதே என்று பேசாமல் விட்டுவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். பிள்ளைகளுக்கு இடையில் இடைவெளி விடுவது, அதற்கான மாத்திரை, ஊசி இவற்றைப் பற்றித் தோட்டத்துப் பெண்கள் கேட்கும்போது குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். அதிலும் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: "டிரசர் ஐயா, டவுன் டாக்டர்கிட்ட மாத்திரை கேட்டேன். அதெல்லாம் நான் எழுதித் தர்றதில்ல, என் மதத்துல அது பாவம்னு சொல்லிட்டாரு. அவரு அப்படிச் சொல்லலாமா?"

கேள்வி நியாயமானது. 'சொல்லலாம்' என்றோ 'சொல்லக் கூடாது' என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் பதில் உண்டு. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

உடம்புக் காரணம் வேறு, மதக் காரணம் வேறு

டாக்டர் "இந்த மாத்திரை உனக்கு வேண்டாம்மா" என்று சொன்னவுடன் கோபப்படக் கூடாது. அதற்கு உண்மையான மருத்துவக் காரணம் இருக்கலாம். நாம் சாதாரணமாகக் கர்ப்பத்தடை மாத்திரை என்று சொல்வது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள் கலந்த மாத்திரை. பெரும்பாலான பெண்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். சிலருக்கு மட்டும் ஆபத்து.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டியும் புகை பிடிப்பவர்கள், காலில் ரத்தக் கட்டியோ பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கண் முன்னே மின்னல் வெட்டுவது போலத் தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், மார்பில் புற்றுநோய் கண்டவர்கள், கல்லீரல் கடுமையாகக் கெட்டவர்கள் - இவர்கள் இந்த இரட்டை மாத்திரையைச் சாப்பிடக் கூடாது. பிள்ளை பெற்று 6 வாரம் ஆகாத, பால் கொடுக்கும் தாயும் சாப்பிடக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், வலிப்புக்குச் சில வகை மருந்து எடுப்பவர்களுக்கும் மாத்திரையின் சக்தி குறைந்துபோகும். மாத்திரை சாப்பிட்டும் கர்ப்பம் தரித்துவிடும்.

இப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பால் கொடுக்கும் தாய்க்கு ஒரே ஹார்மோன் உள்ள மாத்திரை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி இருக்கிறது. கையின் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு குச்சி மூன்று வருஷம் காக்கும். கர்ப்பப்பையில் வைக்கும் காப்பர் லூப் பத்து வருஷம் வரை காக்கும். அதில் ஹார்மோனே கிடையாது. காசநோய் மருந்து சாப்பிடுகிறவருக்கு லூப்போ ஊசியோ பொருந்தும். ஆண்களுக்கு ஆணுறை இருக்கிறது.

இதில்தான் நாம் உரசிப் பார்க்க வேண்டிய கல் இருக்கிறது. உடம்புக் காரணத்துக்காக மறுக்கும் டாக்டர் முதலில் பிரஷர் பார்ப்பார், பழைய நோய்களைக் கேட்பார், பிறகு "அது வேண்டாம், இதை எடுத்துக்கொள்" என்று மாற்று வழி காட்டுவார். மதக் காரணத்துக்காக மறுப்பவர் பிரஷரே பார்க்காமல் மறுப்பார். மாற்று வழியும் காட்ட மாட்டார். சில சமயம் மதக் காரணத்துக்கு மருத்துவச் சட்டை போட்டு அனுப்புவதும் உண்டு. "கர்ப்பப்பை கெட்டுவிடும்", "அப்புறம் பிள்ளையே பிறக்காது" என்று பயம் காட்டுவார்கள். இது உண்மையல்ல. மாத்திரையை நிறுத்தினால் கர்ப்பம் தரிக்கும் சக்தி சீக்கிரமே திரும்பிவிடும். ஊசி போட்டவர்களுக்கு மட்டும் சில மாதங்கள் தாமதமாகலாம்.

மாத்திரையும் மதமும்

மதத்துக்கும் மருந்துக்கும் நடந்த சண்டை நம் தோட்டத்தில் தொடங்கியதல்ல. இந்த மாத்திரை உலகத்துக்கு வரக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜான் ரோக். அவர் தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர். பெண்களை மாத்திரையைக் கொண்டு சோதித்து, அது வேலை செய்கிறது என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். 1960-ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் இதைக் கர்ப்பத்தடைக்கு அனுமதித்தது. மாதத்தில் கர்ப்பம் தரிக்காத நாட்கள் இயற்கையிலேயே இருக்கின்றன, மாத்திரை அந்த நாட்களை நீட்டிக்கிறது, ஆகவே தன் மதம் இதை ஏற்கலாம் என்று ரோக் வாதாடினார். 1963-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

வத்திக்கான் அமைத்த ஆலோசனைக் குழுவிலும் பெரும்பான்மையோர் பழைய தடையைத் தளர்த்தலாம் என்றுதான் 1966-இல் கருத்துச் சொன்னார்கள். ஆனால் 1968 ஜூலையில் பாப்பரசர் ஆறாம் பவுல் தம் சுற்றுமடலில் செயற்கைக் கர்ப்பத்தடை எதுவும் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். மாதக் கணக்குப் பார்த்து விலகியிருப்பதை மட்டும் அனுமதித்தார். அந்தப் போதனை இன்றும் மாறவில்லை. ஆகவே ஒரு கத்தோலிக்க டாக்டர் "என் மனம் ஒப்பவில்லை" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அதே சமயம், மாத்திரையை உருவாக்கியவர்களிலேயே ஒரு கத்தோலிக்க டாக்டர் இருந்தார் என்பதும் பொய்யல்ல. ஒரே மதத்துக்குள் ஒரே புத்தகத்தைப் படித்த இரண்டு டாக்டர்கள் இரண்டு முடிவுக்கு வரலாம்.

மற்ற கிறிஸ்தவ சபைகள் எல்லாம் இப்படி அல்ல. ஆங்கிலிக்கன் சபை பிஷப்புகள் 1930-இல் லாம்பெத் மாநாட்டிலேயே, தக்க காரணம் இருந்தால் தம்பதிகள் கர்ப்பத்தடை செய்துகொள்ளலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

இஸ்லாத்தில் பழைய காலத்து அறிஞர்களே இதைப் பேசியிருக்கிறார்கள். 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, மனைவியின் உடல்நலத்துக்காகவும் குடும்பக் கஷ்டத்துக்காகவும் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நம் நாட்டில் மார்க்க அறிஞர்கள் பொதுவாகப் பிள்ளைகளுக்கு இடைவெளி விடுவதை ஏற்கிறார்கள். நிரந்தரமாகத் தடுத்துவிடும் அறுவையை, உயிருக்கு ஆபத்து போன்ற அவசியம் இல்லாமல், ஏற்பதில்லை.

நம் இந்து மக்களுக்கு இதில் தடை போடும் தலைமைப் பீடம் எதுவும் கிடையாது. ஆனால் 'சாமி குடுக்கிறத வேணாங்கலாமா' என்ற பேச்சு லயத்தில் உண்டு. மாமியார் சொல்லுவார், பக்கத்து வீட்டு அம்மா சொல்லுவார். அதே லயத்தில் 'ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி' என்ற பழமொழியும் உண்டு. 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்து போன தந்தை பெரியார், அந்தக் காலத்திலேயே கர்ப்பத்தடையை ஆதரித்துப் பேசினார், எழுதினார். மற்றவர்கள் நாட்டு நலனையும் குடும்பச் செலவையும் காரணமாகச் சொன்னபோது, பெண் சுதந்திரமாக வாழ்வதற்கு அது வேண்டும் என்று அவர் சொன்னார். காந்தியடிகளோ, மருந்தும் கருவியும் வேண்டாம், மனக்கட்டுப்பாடுதான் வழி என்றார். பெரியவர்களே இரண்டு பக்கம் நின்ற விஷயம் இது. ஆகவே எந்த ஒரு டாக்டரும் தம் கருத்தைக் கடைசித் தீர்ப்பு போலச் சொல்ல இடமில்லை.

நம் நாட்டில் நிலைமை என்ன?

மலேசியாவில் குடும்பத் திட்டம் சட்டத்துக்கு விரோதமானது அல்ல. முதலில் தனியார் சங்கங்கள்தான் இந்த வேலையைத் தொடங்கின. 1953-இல் சிலாங்கூரில் சங்கம் அமைந்தது. 1958-இல் மாநிலச் சங்கங்கள் ஒரு சம்மேளனமாகச் சேர்ந்தன. கெடாவிலும் சங்கம் உண்டு. 1966-இல் நாடாளுமன்றம் குடும்பத் திட்டச் சட்டம் இயற்றி, தேசிய வாரியம் அமைத்தது. 1970-களில் சுகாதார அமைச்சின் கிராமப்புறக் கிளினிக்குகளிலும் இந்தச் சேவை சேர்க்கப்பட்டது.

1984-இல், நம் அலோர் ஸ்டார்க்காரரும் டாக்டருமான மகாதீர் பிரதமராக இருந்தபோது, 2100-ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மக்கள்தொகை 7 கோடியாக வேண்டும் என்ற கொள்கை வந்தது. வாரியத்தின் பெயரும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. 'அதிகம் பெறுங்கள்' என்று அரசாங்கம் சொன்ன அந்தக் காலத்திலும் கிளினிக்குகளில் மாத்திரை கொடுப்பது நிறுத்தப்படவில்லை. ஆகவே "நம்ம நாட்டுல இதுக்கு அனுமதி இல்ல" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டாக்டரின் மனசாட்சி எதுவரை?

டாக்டரும் மனிதர்தான். அவருக்கும் கடவுள் உண்டு, மனசாட்சி உண்டு. 'நான் இதைச் செய்தால் ராத்திரி தூங்க மாட்டேன்' என்கிறவரைப் பிடித்து இழுத்துச் செய்யச் சொல்வது சரியல்ல. இதை மருத்துவ உலகமும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதற்கு எல்லை போட்டிருக்கிறது.

உலக மருத்துவர் சங்கம் 2022 அக்டோபரில் பெர்லின் நகரில் தன் ஒழுக்க விதிகளைத் திருத்தி வெளியிட்டது. ஒரு டாக்டர் மனசாட்சி காரணமாக ஒரு சிகிச்சையைச் செய்ய மறுக்கலாம். ஆனால் அதனால் நோயாளிக்குக் கெடுதல் வரக் கூடாது. மறுப்பதை உடனே மரியாதையாகச் சொல்ல வேண்டும். வேறு டாக்டரிடம் போகும் உரிமை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். அப்படிப் போவதற்கு வேண்டிய விவரமும் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் டாக்டர்களைப் பதிவு செய்யும் மன்றத்தின் விதியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், டாக்டர் தம் கையைக் கட்டிக்கொள்ளலாம். நம் காலைக் கட்டக் கூடாது. விவரத்தை மறைப்பது, பயமுறுத்துவது, மற்றவர்கள் முன்னால் அவமானப்படுத்துவது, 'போ' என்று மட்டும் சொல்லி அனுப்புவது, இவை மனசாட்சியில் சேராது.

தோட்டத்து ஜனங்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்றால், தூரம்தான் காரணம். பினாங்கு டவுனில் ஒரு டாக்டர் மறுத்தால் ரோட்டைக் கடந்து இன்னொரு கிளினிக்குக்குப் போகலாம். தோட்டத்திலிருந்து கூலிம் டவுனுக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ போக ஒரு நாள் சம்பளம் போகும். வண்டிச் செலவு ஆகும். கைப்பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். அப்படிப் போனவளை வெறுங்கையோடு அனுப்பினால் அவள் மறுபடி வர மாட்டாள். அடுத்த வருஷம் கர்ப்பிணியாகத்தான் வருவாள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையில் குறைந்தது 2 வருஷம் இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ரத்தச் சோகையோடு மரம் வெட்டி, பாரம் தூக்கும் தாய்க்கு அந்த இடைவெளி இல்லாவிட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் எடை குறைவு.

டாக்டரின் கையில் சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து ஓர் உதாரணம். 1979-இல் இயற்றப்பட்ட சட்டப்படி அங்கே ஆணுறை வாங்குவதற்குக்கூட டாக்டர் சீட்டு வேண்டியிருந்தது. டாக்டருக்கு மனம் இருந்தால் சீட்டு, இல்லாவிட்டால் இல்லை. 1985-இல்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

இந்த விதிக்கு டிரசரும் வெளியே இல்லை. தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. பதிவு பெற்ற உதவியாளர் தம் சாமியைப் பூஜை அறையில் கும்பிடலாம். மருந்து அறையில் நோயாளியின் தேவைதான் முக்கியம். யார் என்ன கேட்டார் என்பதை ஆபீசிலோ கோயிலிலோ பேசவும் கூடாது.

கட்டாயப்படுத்துவதும் அதே தப்புத்தான்

மறுப்பது ஒரு பக்கத் தப்பு என்றால், கட்டாயப்படுத்துவது மறு பக்கத் தப்பு. இந்தியாவில் அவசர நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே வருஷத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. பல மாநிலங்களில் அதிகாரிகளுக்கு எண்ணிக்கை குறித்துக் கொடுத்து, ஏழைகளைப் பிடித்து வந்து செய்தார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே வட இந்திய ஜனங்கள் பயந்து ஓடினார்கள்.

இலங்கையில் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்ப் பெண்கள் 1980-களில் அதிகமாக அறுவை செய்துகொண்டார்கள். அப்போது அறுவைக்கு அரசாங்கம் 500 ரூபாய் வரை ரொக்கம் கொடுத்தது. மாத்திரை, லூப் போன்ற வழிகள் நன்றாக எடுத்துச் சொல்லப்படாத இடத்தில், கையில் காசில்லாத குடும்பத்துக்கு ரொக்கத்தைக் காட்டினால், அந்தக் கையெழுத்தை முழுச் சம்மதம் என்று சொல்ல முடியுமா?

ஒரு டாக்டர் மதத்தைச் சொல்லி மறுத்தாலும், ஓர் அரசாங்கம் கணக்கைச் சொல்லிக் கட்டாயப்படுத்தினாலும் நடப்பது ஒன்றுதான்: பெண்ணின் உடம்பைப் பற்றி அவளைக் கேட்காமல் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். அதிகப் பிள்ளை வேண்டும் என்று ஒரு தாய் நினைத்தால் அதுவும் அவள் இஷ்டம். அவளை 'உனக்கு எத்தனை தடவ சொல்றது' என்று திட்டும் மிஸ்ஸியும், மாத்திரை மறுக்கும் டாக்டரும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, டாக்டர் மறுத்தால் நேராக, மரியாதையாகக் கேளுங்கள்: "டாக்டர், என் உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றீங்களா, இல்ல நீங்க எழுதறதில்லன்னு சொல்றீங்களா?" இந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் விளங்கிவிடும். உடம்புக் காரணம் என்றால், "அப்படின்னா எனக்கு வேற எது ஆகும்?" என்று கேளுங்கள். எழுதுவதில்லை என்றால், "யாரு எழுதுவாங்க, எங்க போகணும்?" என்று கேளுங்கள். சண்டை போட வேண்டியதில்லை. பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

இரண்டாவது, தனியார் கிளினிக் ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில், தாய் சேய் பிரிவில் இந்தச் சேவை உண்டு. பிரஜைகளுக்கு அங்கே சாதாரணப் பதிவுக்கு ஒரு வெள்ளிதான். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளும் இருக்கின்றன. அறுவையோ சிக்கலான நோயோ என்றால் சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிறப்பு டாக்டர்கள் இருக்கிறார்கள். கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம்.

மூன்றாவது, அவசர மாத்திரை. ஆணுறை கிழிந்துவிட்டாலோ, பலாத்காரம் நடந்துவிட்டாலோ, 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. இது கருக்கலைப்பு மாத்திரை என்று சொல்லிச் சிலர் மறுக்கிறார்கள். அது கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும் மருந்து. ஏற்கெனவே தரித்த கர்ப்பத்தை அது கலைக்காது. இந்த விஷயத்தில் ஒரு நாள் தாமதமும் பெரிய தாமதம். ஆகவே ஒருவர் மறுத்தால் அன்றைக்கே அடுத்த இடத்துக்குப் போங்கள். பலாத்காரம் என்றால் நேராக அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நான்காவது, கிளினிக்குக்குப் போகும்போது சாப்பிடும் மருந்துகளையும் பிள்ளைப்பேற்றுப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். பிரஷர், சர்க்கரை, காசநோய் எதையும் மறைக்காதீர்கள். மாத்திரை தொடங்கிய பிறகு கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, பார்வை மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஐந்தாவது, ஆண்களுக்கு. மாத்திரை, ஊசி, லூப், அறுவை என்று எல்லாப் பாரத்தையும் பெண் தலையிலேயே ஏற்றி வைத்துவிட்டு, 'சாமி விட்ட வழி' என்று உட்கார்ந்திருப்பது நியாயமா? பிள்ளைகள் போதும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டால், ஆண்களுக்குச் செய்யும் வாசெக்டமி அறுவை பெண்களுக்குச் செய்வதைவிடச் சுலபமானது. அதனால் ஆண்மை குறையாது, மரம் வெட்டும் பலமும் குறையாது. அறுவைக்குப் பிறகு சுமார் 3 மாதம் வரை வேறு தடுப்பு வேண்டும். விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இது நிரந்தரமானது என்பதால் நன்றாக யோசித்துச் செய்ய வேண்டும். மதம் இதற்கு இடம் தராது என்று நினைப்பவர்கள் ஆணுறையோ, மற்றத் தற்காலிக வழிகளோ பார்த்துக்கொள்ளலாம்.

தாய்மார்களே, உங்கள் நம்பிக்கை உங்களுக்கு உண்டு. அதை விடச் சொல்லி எந்த டாக்டரும், எந்த டிரசரும் கேட்கக் கூடாது. அதே போல டாக்டரின் நம்பிக்கையை நீங்கள் சுமக்க வேண்டியதும் இல்லை. யாராவது மறுத்து, எங்கே போவது என்று தெரியாமல் நின்றால், தோட்டக் கிளினிக்கில் வந்து கேளுங்கள், அல்லது சங்கத்தின் மகளிர் பிரிவுச் சகோதரிகளிடம் சொல்லுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் மட்டும் வீடு திரும்பாதீர்கள்.